நியமனக் கடிதம் இல்லையென்றால் பணிக்கொடை கிடையாதா?

கேள்வி: எனக்குச் சேரன்மகாதேவி பக்கம். 2020 பிப்ரவரியிலிருந்து நெல்லை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடையில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாததால் 2025 டிசம்பர் நடுவில் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். அந்த மாதம் வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பளம் இன்னும் வரவில்லை. கேட்டால் முதலாளி, "ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்லல, சம்பளம் கிடையாது. உனக்கு ஆர்டரே போடல, கிராஜுவிட்டி எங்கேயிருந்து வரும்? கொரோனாவில கடை பூட்டிக் கிடந்த மாசத்தையெல்லாம் கழி" என்கிறார். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அவரிடம்தான் இருக்கிறது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. "எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது" என்ற ஒரு வரிக்காகத்தான் பெரும்பாலும் இப்படிக் கையெழுத்துக் கேட்பார்கள். பணிக்கொடையை, அதாவது பல வருஷம் பார்த்த வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டித் தொகையை, எழுதி வாங்கி இல்லாமலாக்க சட்டம் இடம் தரவில்லை. ஆனால் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், பணம் வரவில்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

கடைசி மாதச் சம்பளத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு புதிய சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. நீங்கள் நின்றது அதற்குப் பிறகு. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில், முதலாளி வேலையை விட்டு அனுப்பினால்தான் இரண்டாவது வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது அந்த நான்கில் ஒன்றான ஊதியத் தொகுப்பின்படி, தானே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும். வழக்கு என்று வந்தால், "கொடுத்துவிட்டேன்" என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. கேட்பதற்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு. அதற்காகக் காத்திருக்காதீர்கள், நாள் போகப் போகச் சாட்சி சொல்ல வருகிறவர்களும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மாத நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். ஆர்டரே போடவில்லை என்கிறவர், எந்த ஆர்டரில் எழுதியிருக்கிறது என்று ஒரு மாத நோட்டீஸ் கேட்கிறார்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வரும் ஒரு மாத நோட்டீஸ், ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நிறுத்தும் முதலாளி கொடுக்க வேண்டியது. அதைக் காட்டி உங்கள் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. நியமனக் கடிதம் தராததும் அவருடைய குறைதான். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதத்துக்குள் கடிதம் தர வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. இன்னும் அந்தக் கடையில் நிற்கிற உங்கள் தோழிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது பணிக்கொடை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற கடைக்கு அது பொருந்தும். நிரந்தர வேலை என்றால் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். நீங்கள் ஐந்து வருஷம் பத்து மாதம் பார்த்திருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அது முழு வருஷக் கணக்கு. ஆகவே உங்களுக்கு ஆறு வருஷம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டு 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம் 7,500. ஆறு வருஷத்துக்கு 45,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் படி (அலவன்ஸ்) என்று இப்போது பிரித்துக் காட்டப் பார்த்தால், சம்பளக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகிற பகுதி திரும்பவும் சம்பளக் கணக்கில்தான் சேரும்.

கொரோனா மாதங்களைக் கழிக்கச் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2020-லும் 2021-லும் பூட்டியிருந்ததைச் சேர்த்து நாலைந்து மாதம் கழித்தாலும் ஐந்து வருஷம் குறையாது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சியது என்ற கணக்கு அடிபட்டு, ஆறு வருஷம் ஐந்தாகிவிடும். உங்கள் கையிலிருந்து 7,500 ரூபாய் போகும். சட்டம் இதற்கு வழி விடவில்லை. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோன காலமும் தொடர் பணியில் சேர்ந்ததே. கடையைப் பூட்டச் சொன்னது அரசு; நீங்கள் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஊரடங்கு முடிந்ததும் திரும்பவும் அதே கடைக்குத்தான் போனீர்கள்.

ஆர்டர் இல்லாமல் பணிக்காலத்தை எப்படிக் காட்டுவது? ஜவுளிக்கடையில் நிறையத் தடயம் இருக்கும். பில்லில் விற்பனையாளர் எண் என்று ஒன்று அச்சாகுமே, அது உங்கள் எண்தான். நீங்களோ சொந்தக்காரர்களோ அங்கே துணி எடுத்த பழைய பில் வீட்டில் கிடந்தால் எடுத்து வையுங்கள். கடையின் வாட்ஸ்அப் குழுவில் 'நாளை காலை 9 மணிக்குள் வரவும்' என்று வந்த செய்திகளைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். சம்பளம் வங்கியில் விழுந்திருந்தால் பாஸ்புக், தீபாவளிக்குக் கடையில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண் எல்லாமே உதவும். முப்பது பேர் இருக்கிற கடையில் பி.எஃப். கட்டாயம். உங்கள் பெயரில் பிடிக்கவே இல்லை என்றால் அது தனிப் புகார், பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

எல்லாம் கைக்கு வந்தபின் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமாக எழுத வேண்டாம். சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசிச் சம்பளம், பாக்கிச் சம்பளம் எத்தனை நாளுக்கு, பணிக்கொடை 45,000 ரூபாய், மார்க் ஷீட் திரும்ப வேண்டும், இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடையை முப்பது நாளுக்குள் தர வேண்டும். தவறினால் வட்டியும் சேர்ந்து வரும். மார்க் ஷீட்டைப் பணயமாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. கடிதத்துக்குப் பிறகும் தராவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதில் வரவில்லை என்றால் திருநெல்வேலியில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். புதிய தொகுப்புகளுக்கான விதிகள் முழுமையாகும்வரை பழைய சட்டங்களின் நடைமுறை தொடரும் என்று மத்திய அரசே அறிவித்திருக்கிறது. "புதுச் சட்டம் வந்தாச்சு, இங்கே வராதே" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

கடையில் நாள் முழுக்க நிற்கிற மற்றப் பெண்களுக்காக ஒரு வார்த்தை. 2021-இல் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்து, வேலைக்கு இடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆகியிருக்கிறது. ஸ்டூல் கேட்பது சலுகை இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது முதலாளிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.