தினமும் குளித்தும் தொடை இடுக்கில் வாடை வருவது ஏன்?

ஆண்கள் பலர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. கூச்சமே வேண்டாம். வியர்வைக்கென்று தனியாகப் பெரிய வாடை கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பருவ வயதில் வேலையைத் தொடங்கும் ஒருவகைச் சுரப்பிகள், கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வையை விடுகின்றன. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது.

நம் தருமபுரிப் பக்கம் ராத்திரி கரைத்து வைத்த கேழ்வரகு மாவு காலையில் புளித்திருக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் புளிக்கும். கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய்க் கூடை ஏற்றிவிட்டு, நனைந்த ஜட்டியும் ஜீன்ஸுமாகச் சாயங்காலம் வரை இருந்தால் உள்ளேயும் அதே சூடு, அதே ஈரம்.

குளிக்கும்போது ஆண்குறியின் முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி, வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டு, மறுபடி முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். அங்கே சேரும் வெள்ளைப் படிவும் வாடைக்குக் காரணம். அப்புறம், ஈரம் போகத் துடைக்க வேண்டும். நிறையப் பேர் விடுவது இதைத்தான். தினமும் துவைத்து நன்றாகக் காய்ந்த பருத்தி ஜட்டியைப் போடுங்கள். அரிப்பு, புண், சீழ் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் வாடை போய்விடும் என்று நினைப்பது தவறு; அந்த மெல்லிய தோல் எரிந்து புண்ணாகத்தான் செய்யும்.