வெள்ளப் படங்கள் வரைபடத்தில் இடம் மாறி விழுவது குறித்து

மக்கள் இணையப் படிவம் வழியாக அனுப்பும் வெள்ளப் படங்கள், நீர் தேங்கிய தெருவில் அல்லாமல் அவரவர் வீட்டின் மீது புள்ளிகளாக விழுவதைத் தடுக்க, படிவம் தானாகப் பதியும் இருப்பிடத்தை நம்பாமல், வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் குறிக்கும் கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். களத் தகவல் சேகரிக்கும் படிவங்களுக்கான ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் ஆகிய இரு மென்பொருள்களிலும் இவ்வசதி உண்டு.

தெருவில் எடுத்த படத்தைப் பலர் வீடு திரும்பிய பின்னரே ஏற்றுவதால், ஏற்றிய இடமும் நேரமுமே பதிவாகின்றன என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் பகிரப்பட்டிருந்தால், அதனுள் இருந்த எக்ஸிஃப் தகவலும் (படம் எடுத்த நேரம், இடம் போன்ற குறிப்புகள்) நீங்கியிருக்கும்.

ஐயத்திற்குரிய சில பதிவுகளின் மூலப் படங்களை, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அல்லாமல் ஆவணமாக (document) அனுப்பச் சொல்லி, படம் எடுத்த நேரத்தையும் படிவம் வந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள்; இடைவெளி பெரிதாயின் ஐயம் உறுதியாகும். படம் எடுத்த நேரத்தையும் தனிக் கேள்வியாகச் சேர்ப்பது மிக அவசியம். ஏறிக்கொண்டோ வடிந்துகொண்டோ இருக்கும் நீரின் ஆழம் எந்த நேரத்துக்குரியது என்று தெரியாவிட்டால், அதைக் கொண்டு வெள்ளக் கணிப்பு மாதிரியைச் சரிபார்க்க இயலாது.

பழைய பதிவுகளை ஊகித்து நகர்த்தாமல், 'இடம் உறுதியில்லை' எனக் குறித்துத் தனியே வையுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஜிபிஎஸ் காட்டும் இருப்பிடம் விலகக்கூடும் என்பதால், அதைப் பார்த்துத் தொட்டுக் குறித்த இடத்தையும் அருகிலுள்ள அடையாளத்துடன் ஒப்பிட வேண்டியிருக்கும். துல்லியத்துக்காக எவரையும் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லாதீர்கள்.