மழை நாளில் வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லையா?

கேள்வி: பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் கணவர் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். போன மாதம் ஒரே மழை. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனவரை ஆறு நாள் "இன்றைக்கு வேலை இல்லை" என்று மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) திருப்பி அனுப்பிவிட்டார். 17 நாள் சம்பளம்தான் கைக்கு வந்தது. கேட்டால், "மழைக்கு நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள். அந்த ஆறு நாள் போனது போனதுதானா?

பதில்: இல்லை, சகோதரி. கேட்டு வாங்க வழி இருக்கிறது.

முதலில் ஒன்று. வேலையை நிறுத்திய மண்டோர் மீது தப்பில்லை. இடி இடிக்கும்போது நீளமான அலுமினியக் கம்பைத் தூக்கிக்கொண்டு குலை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. மட்டை வழுக்கும், சேற்றில் டிராக்டர் புதையும், வெட்டிய குலையும் ஆலைக்குப் போகாமல் கிடந்து கெடும். நிறுத்தட்டும். ஆனால் அந்த நட்டத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே எழுதப்பட்டது. நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் 24 நாளாவது முதலாளி வேலை தர வேண்டும். தர முடியாமல் போனாலும், குறைகிற நாள்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். உங்கள் கணவருக்கு 17-உம் 6-உம் சேர்த்து 23 நாள், 24-ஐத் தாண்டவில்லை. ஆகவே ஆறு நாளையும் கேட்கலாம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வாரம் ஆறு நாள் வேலைக்குப் பிரித்தால் நாளுக்கு 65.38, ஆறு நாளுக்கு 392.28 ரிங்கிட். ஒரு மாத மளிகைக் கடனை அடைக்கிற பணம், சும்மா விடுவதா?

ஒரு நிபந்தனை உண்டு. அந்த நாளில் அவர் வேலை செய்யத் தயாராகவும் உடம்பு சரியாகவும் இருந்திருக்க வேண்டும். "மழைதானே" என்று வீட்டில் படுத்திருந்த நாளைக் கேட்க முடியாது. உதிரிப்பழம் பொறுக்கு, கொட்டகையைச் சுத்தம் செய் என்று அவரால் முடிகிற வேறு வேலை கொடுத்து அவர் மறுத்திருந்தாலும் வழக்கு நிற்காது. அதனால் இனிமேல் எவ்வளவு மழை பெய்தாலும் பெரட்டுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் அங்கிருந்தே மண்டோருக்கு வாட்சாப்பில் "வந்தேன், வேலை இல்லை என்றீர்கள்" என்று ஒரு வரி போட்டுவிடட்டும். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். பேச்சுக்குப் பேச்சு என்று வந்தால், தோட்டத்தில் கிராணியின் (கணக்கு எழுதுபவரின்) புத்தகம்தான் ஜெயிக்கும்.

டன் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இந்த 24 நாள் கணக்கு பொருந்தாது. ஆனால் அவர்களுக்கும் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது. குத்தகைக்காரர் கீழே வேலை என்றால், அவர் ஏமாற்றினாலும் தோட்ட நிர்வாகத்தின் மீதும் மூன்று மாதச் சம்பளம் வரை கோரலாம். ஆனால் சம்பள நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் சம்பளச் சீட்டோடு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அவர் சங்க உறுப்பினராக இருந்தால் தோட்டத்துச் சங்கத் தலைவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் மழை நாளுக்குத் தனி விதி இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். மசியவில்லையா, மாவட்டத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வக்கீல் வைக்கத் தேவையில்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், அந்த ஆறு தேதிகள் எழுதிய தாள், இவற்றை எடுத்துப் போங்கள். கூடவே திரும்பி வந்தவர்களில் யாராவது ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துப் போங்கள்.