மே மாதம் பட்டம் பெற்ற மகனைச் சார்ந்தவராகக் காட்டுவது குறித்து

வணக்கம். மே மாதம் பட்டம் பெற்று, ஆகஸ்டில் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்த, மணமாகாத உங்கள் 22 வயது மகனை அமெரிக்க வரிப் படிவத்தில் சார்ந்தவராக (உங்கள் பராமரிப்பில் உள்ளவராக, அதாவது dependent ஆக) காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்துள்ள விவரங்களின்படி காட்டலாம் என்றே கருதுகிறேன். ஆண்டு முடிவில் 24 வயது நிறையாதவர், அந்த ஆண்டின் ஏதேனும் ஐந்து மாதங்களில், ஒவ்வொரு மாதத்திலும் ஒரு பகுதியிலாவது முழுநேர மாணவராக இருந்தால் போதும் என்பதால், ஜனவரி முதல் மே வரை படித்ததே அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடுகிறது. விடுதியில் தங்கிய மாதங்களும் உங்கள் வீட்டில் வாழ்ந்தவையாகவே கொள்ளப்படும்; ஆகவே, பாதி ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் தடையாகாது.

பலரும் குழம்புவது சம்பளத்தில்தான். அவர் எவ்வளவு ஈட்டினார் என்பதன்று, தம் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஏற்றாரா என்பதே கேள்வி. அவர் சேமிப்பில் போட்ட பணமும் கல்வி உதவித்தொகையும் அக்கணக்கில் சேரா. வாடகை, உணவு, கல்லூரிக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றை யார் யார் கட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

தம்மை எவரும் சார்ந்தவராகக் காட்ட முடியாது என்று அவர் ஏற்கெனவே தம் வரிப் படிவத்தைத் தாக்கல் செய்திருந்தால், முதலில் 1040-எக்ஸ் படிவத்தின் மூலம் அவர் அதைத் திருத்தட்டும். இல்லையேல் உங்கள் மின்னணுத் தாக்கல் நிராகரிக்கப்படலாம்.