'மும்முடிச்சோழ பிரம்மமாராயன்' என்பது யாருடைய பெயர்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் இது பெயரல்ல, பட்டம். பெற்றவர் ராஜராஜனின் சேனாபதி. சொந்தப் பெயர் கிருஷ்ணன் ராமன், ஊர் அமண்குடி.

'மும்முடிச்சோழன்' ராஜராஜனின் விருதுப்பெயர். அதை அதிகாரியின் பெயரோடு சேர்த்தால், இவர் மன்னரின் நம்பிக்கைக்குரியவர் என்று ஊருக்கே தெரியும். 'பிரம்மமாராயன்' பிராமண அதிகாரிகளுக்கு. வேளாளர்களுக்குப் பெரும்பாலும் 'மூவேந்தவேளான்'. நம்ம பக்கம் கச்சேரி நோட்டீஸில் நாதஸ்வர வித்வான் பெயருக்கு முன்னால் 'கலைமாமணி' போடுகிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இங்கே கொடுத்தவர் பெயரும் கூடவே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அது.

அப்புறம், பெரிய கோயிலையே இவர்தான் கட்டினார் என்பது தவறு. ராஜராஜன் சொல்லி இவர் எடுப்பித்தது, கோயிலைச் சுற்றி மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையை.