பணி ஏட்டில் விடுபட்ட பதக்கங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர்களின் ஆவணங்கள் குறித்து வந்திருக்கும் கேள்விகளில், பதக்கங்கள் விடுபட்டுப் போனதைப் பற்றியவை மட்டும் இம்மாதம் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர். 1967 செப்டம்பரில் கட்டாயச் சேர்ப்பில் தரைப்படைக்குப் போய், 1969 செப்டம்பரில் விலகினார். அதில் 1968 மார்ச் முதல் 1969 மார்ச் வரை வியட்நாமில் இருந்தார். அவருடைய விலகல் சான்றான டிடி 214 படிவத்தில் தேசியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம், வியட்நாம் பணிப் பதக்கம் என இரண்டு மட்டுமே உள்ளன. பீரங்கிக் குண்டின் சிதறல் தொடையில் பாய்ந்து இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்ததாகவும், அதற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பின்னால் வந்து சேரும் என்று சொல்லி அனுப்பியதாகவும் அவர் கூறுகிறார். இத்தனை ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசாதவர் இப்போது பேசுகிறார். அவருக்காக நான் விண்ணப்பிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? (டெக்ஸஸ் வாசகர்)

பதில்: மருமகனாகிய நீங்கள் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க இயலாது. படைவீரர் உயிருடன் இருக்கும்போது ஆவணத்தைக் கேட்கும் உரிமையும் திருத்தம் கோரும் உரிமையும் அவருக்கே உரியவை என்பதால், படிவங்களில் கையொப்பமும் தேதியும் அவருடையவையாக இருக்க வேண்டும். படிவத்தை நிரப்புவது, தாள்களைத் தேடி அடுக்குவது, கடிதம் எழுதுவது ஆகிய மற்ற வேலைகள் எல்லாவற்றையும் நீங்கள் செய்து தரலாம். நடைமுறையில் பிள்ளைகளும் மருமக்களும்தான் இவற்றைச் செய்கிறார்கள்.

பதக்கம் விடுபட்டது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு நிலைகள் உள்ளன. பதக்கம் முறைப்படி வழங்கப்பட்டோ, பணியாற்றிய இடத்தாலும் காலத்தாலும் உரியதாகியோ இருந்து, விலகும் நாளில் எழுத்தர் அதைத் தட்டச்சு செய்யாமல் விட்டது ஒன்று. பதக்கத்துக்கான ஆணையே பிறக்காமல் போனது மற்றொன்று. முன்னதற்கு ஒரு கடிதமும் சான்றின் நகலும் பெரும்பாலும் போதும். பின்னதற்கு ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் திரட்ட வேண்டும். உங்கள் மாமனாரின் ஏட்டில் இரண்டும் கலந்திருப்பதாகத் தெரிகிறது. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் ஒரே மனுவில் போட்டால், எளிதில் கிடைக்க வேண்டியவையும் கடினமானதோடு சேர்ந்து காத்துக் கிடக்கும்.

முதல் வேலை அவருடைய முழுப் பணிக்கோப்பை வரவழைப்பதுதான். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 என்னும் படிவத்தைத் தபாலில் அனுப்பலாம்; இணையவழியாகவும் கோரலாம். படைவீரருக்கு இதற்குக் கட்டணம் கிடையாது. டிடி 214 நகல் வேண்டும் என்று மட்டும் எழுதினால் கையில் இருக்கும் அதே தாள்தான் மீண்டும் வரும். ஆகவே பணிக்கோப்பு முழுவதும், மருத்துவ ஆவணங்களும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

கோப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய தாள் டிஏ 20 என்னும் தகுதிப் பதிவேடு. அக்காலத்துத் தரைப்படையில் அதிகாரி அல்லாத ஒவ்வொருவருக்கும் இது இருந்தது. பணிக்காலம் முழுவதும் பல அலுவலகங்களில் பல கைகள் எழுதிய தாள் என்பதால், கடைசி நாளில் அவசரமாகத் தட்டச்சு செய்யப்பட்ட 214ஐ விட இதில் செய்தி அதிகம். 38ஆவது கட்டத்தில் எந்தெந்தப் பிரிவில் எந்தத் தேதியில் இருந்தார் என்பதும், ஒவ்வோர் இடத்திலும் நடத்தைக்கும் திறனுக்கும் பெற்ற மதிப்பீடும் இருக்கும். 40ஆவது கட்டம் காயங்களுக்கு உரியது. 41ஆவது கட்டம் பதக்கங்களுக்கு உரியது. 41இல் இருந்து 214இல் இல்லாத பதக்கம் எதுவாயினும் அது வெறும் எழுத்துப் பிழை. அதைத் திருத்துவது எளிது.

நீங்கள் தந்திருக்கும் தேதிகளைக் கொண்டே சிலவற்றைச் சொல்ல முடிகிறது. வியட்நாம் பணிப் பதக்கத்தின் ரிப்பனில், பங்கேற்ற ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒரு சிறு வெண்கல நட்சத்திரம் பொருத்துவார்கள். 1968 மார்ச்சில் போய் இறங்கியவர், ஏப்ரல் 1ஆம் தேதி வரை நீண்ட டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) எதிர்த்தாக்குதல் கட்டத்தில் இருந்திருக்கிறார். அதன்பின் ஜூன் 30 வரை நான்காம் கட்டம், நவம்பர் 1 வரை ஐந்தாம் கட்டம், 1969 பிப்ரவரி 22 வரை ஆறாம் கட்டம், மறுநாள் தொடங்கிய டெட் 69 கட்டம் என மொத்தம் ஐந்து ஆகின்றன. ஐந்து வெண்கல நட்சத்திரங்களுக்குப் பதிலாக ஒரு சிறு வெள்ளி நட்சத்திரம் பொருத்துவது விதி. வீரச் செயலுக்காகத் தரப்படும் சில்வர் ஸ்டார் பதக்கம் வேறு, ரிப்பனில் பொருத்தும் இந்தச் சிறு நட்சத்திரம் வேறு. குடும்பத்தார் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

வியட்நாமில் ஆறு மாதம் முடித்தவருக்கு அந்நாட்டு அரசு அளித்த வியட்நாம் குடியரசுப் போர்ப் பதக்கம் உரியது. அதே நாட்டின் வீரச் சிலுவை, பனையோலைச் சின்னத்துடன், பிரிவுகளுக்கான பாராட்டாக அங்கிருந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளுக்கு வழங்கப்பட்டது. இதற்கான பொதுஆணை எண் 8 வெளியானது 1974இல் என்பதால், 1969இல் விலகியவரின் படிவத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. இதில் எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. மேலும், ஓராண்டுக்கு மேலும் மூன்றாண்டுக்குக் குறைவாகவும் பணியாற்றி முதல் பணிக்காலத்தை முடித்தவருக்கு, மதிப்பீடுகள் அனைத்தும் ‘மிகச் சிறப்பு’ என்று இருந்து, தடையாக வேறு குறிப்பு எதுவும் கோப்பில் இல்லையென்றால், நன்னடத்தைப் பதக்கத்தையும் கேட்கலாம். அதற்கும் முன்பு சொன்ன 38ஆவது கட்டமே சான்று.

இப்போது பர்ப்பிள் ஹார்ட். இதைத் தளபதியோ ஆவணத் திருத்த வாரியமோ கருணையால் தருவதில்லை. மூன்று செய்திகள் ஆவணத்தில் நிறுவப்பட வேண்டும். காயம் எதிரியின் செயலால் நேர்ந்தது, அதற்கு மருத்துவ அலுவலர் சிகிச்சை அளித்தார் அல்லது அளிக்க வேண்டிய அளவுக்குக் காயம் இருந்தது, அச்சிகிச்சை அதிகாரபூர்வமாகப் பதிவாகியது என்பவையே அம்மூன்று. உங்கள் மாமனாரின் நினைவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நினைவு மட்டும் அங்கே செல்லாது. 40ஆவது கட்டத்தில் ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் மருத்துவமனைக் குறிப்பு, வியட்நாம் போரில் உயிரிழந்தோர், காயமடைந்தோர் பட்டியல், அவருடைய பிரிவின் காலை அறிக்கை ஆகியவற்றைத் தேட வேண்டும். காலை அறிக்கை என்பது, பிரிவில் அன்று யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் பெயரோடு பதிந்த அன்றாடத் தாள். அதைக் கேட்கும்போது பிரிவின் முழுப்பெயரையும் மாதத்தையும் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

வீட்டிலும் தேடுங்கள். காயம் பற்றிப் பெற்றோருக்கு வந்த தந்தி, மருத்துவமனையிலிருந்து எழுதிய தேதியிட்ட கடிதம், தொடையில் உலோகத் துணுக்கு தெரியும் எக்ஸ்ரே அறிக்கை ஆகியவை துணைச் சான்றுகள். உடனிருந்த தோழர் ஒருவர் தாம் நேரில் கண்டதைக் கையொப்பமிட்டு எழுதித் தந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. எனினும் ஆவணம் எதுவுமே இல்லாத இடத்தை அது ஒன்றே நிரப்பிவிடாது. பர்ப்பிள் ஹார்ட் பெறுவதால் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவில் சேரும் தகுதி வருகிறது என்பதால், அவருடைய வயதில் இந்த உழைப்புக்கு நடைமுறைப் பயனும் இருக்கிறது.

சான்றுகள் சேர்ந்ததும் எளியவற்றுக்கு ஒரு கடிதம், பர்ப்பிள் ஹார்ட்டுக்கு ஒரு கடிதம் எனத் தனித்தனியே கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள தரைப்படை மனிதவளத் தலைமையகத்தின் பதக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் ஏற்றால் பழைய 214ஐ அழித்து எழுத மாட்டார்கள்; டிடி 215 என்னும் திருத்தத் தாளை வெளியிடுவார்கள். இரண்டையும் இனி எப்போதும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

மறுத்தால்தான் டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வாரியத்துக்கு எழுதுகிறவர்கள் பலர். கீழ்நிலை வழிகளை முடித்துவிட்டு வருக என்று மனு திரும்பி வரும், சில மாதங்கள் வீணாகும். பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நீதியின் நலன் கருதி அந்தக் காலவரம்பைத் தளர்த்தும் அதிகாரத்தையும் அதே சட்டம் வாரியத்துக்கு அளித்திருக்கிறது. தாமதம் ஏன் என்று கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது போல, பதக்கம் வந்து சேரும் என்று அவர் நம்பியிருந்ததையும், ஊர் திரும்பிய பின் போரைப் பற்றிப் பேசவே விரும்பாததையும் நேர்மையாக எழுதலாம். இதற்கெல்லாம் வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) அளவிலுள்ள படைவீரர் சேவை அலுவலர்களும் அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களும் இலவசமாக உதவுகின்றன.

கேள்வி: என் மனைவியின் தாத்தா 1943 முதல் 1945 வரை ஐரோப்பாவில் காலாட்படையில் போரிட்டவர், இப்போது இல்லை. அவர் கோப்பு 1973 தீ விபத்தில் எரிந்துவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா? மனைவியின் தந்தை காலமாகிவிட்டார், பாட்டியும் இல்லை, பெரியப்பா ஒருவர் இருக்கிறார். (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: செய்ய முடியும். 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் கட்டடத்தின் மேல் மாடியில் பற்றிய தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அதில் போயிற்று. நகலோ நுண்படமோ எடுத்து வைக்கப்படவில்லை. ஆனாலும் தீயிலும் நீரிலும் சேதமுற்ற ஏறத்தாழ 65 லட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன. மீட்கப்படாதவற்றையும் சம்பளச் சீட்டு, காலை அறிக்கை, நலத்துறையில் உள்ள பழைய விண்ணப்பங்கள் ஆகியவற்றிலிருந்து ஓரளவு மறுகட்டமைக்கிறார்கள். ‘எரிந்துவிட்டது’ என்ற கடிதத்தோடு விவரம் கேட்கும் படிவம் வந்திருந்தால், அதில் பிரிவு, இடம், தேதி ஆகியவற்றை இயன்றவரை நிரப்பி அனுப்புங்கள்.

அதைவிடச் சுருக்கமான வழி ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர், தம் விலகல் சான்றைத் தொலைந்துபோகாமல் இருப்பதற்காகக் கவுன்டி அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தனர். அவர் அப்போது வாழ்ந்த ஊரின் கவுன்டி எழுத்தர் அலுவலகத்தில் கேளுங்கள். டிடி 214 அப்போது பிறக்கவே இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய தாளின் எண் 53-55. அதில் போர்க்காலாட்படை வீரர் சின்னம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1941 டிசம்பர் 7க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடையில் அச்சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் (ரிப்பனில் பொருத்தும் சிறு நட்சத்திரம் அன்று, தனிப் பதக்கம்) உரியது என்று பின்னர் முடிவானதால், பேரப்பிள்ளைகள் கேட்டுப் பெறும் பதக்கங்களில் இதுவே முக்கியமானது.

கையொப்பமிட வேண்டியவர் உங்கள் மனைவி அல்லர், பெரியப்பாதான். தரைப்படைப் பதக்கங்களுக்கு உரிமை முதலில் துணைவருக்கும், பிறகு மூத்த பிள்ளைக்கும், அதன்பின் பெற்றோர், மூத்த உடன்பிறந்தார், மூத்த பேரப்பிள்ளை என்ற வரிசையிலும் போகிறது. இறப்புச் சான்றை உடன் வையுங்கள். விலகி 62 ஆண்டுகள் கடந்துவிட்டதால், எஞ்சிய கோப்பின் நகலை யாரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர்.

கேள்வி: நான் 1988–89இல் தென் கொரியாவில் ஓராண்டு பணியாற்றிவிட்டு 1991இல் தரைப்படையிலிருந்து விலகினேன். கொரியப் பணிக்குப் பதக்கம் உண்டு என்கிறார்கள். என் படிவத்தில் இல்லை. (வர்ஜீனியா வாசகர்)

பதில்: உண்டு. கொரியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம் 2002இல் சட்டமாகி, 1954 ஜூலை 28க்குப் பின் தொடர்ச்சியாக 30 நாளோ விட்டுவிட்டு 60 நாளோ அங்கே பணியாற்றியவர்களுக்குப் பின்தேதியிட்டு உரியதாயிற்று. கொரியாவுக்கு அனுப்பிய ஆணையின் நகல் போதும். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குப் பின்னும் நீங்கள் முழுநேரப் பணியில் இருந்திருப்பதால், தேசியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம் படிவத்தின் 13ஆவது கட்டத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவரை வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்ததாக அவருடைய தளபதி அப்போதே சொன்னாராம். எந்தத் தாளிலும் அது இல்லை. வாரியம் சேர்க்குமா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: ஆணை பிறந்ததற்கான தடயம் இல்லாத வீரப் பதக்கத்தைத் திருத்தம் என்ற பெயரில் சேர்க்கக் கேட்பது பெரும்பாலும் தோல்வியில் முடியும். காலம் கடந்த பரிந்துரைகளுக்கென்றே கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 10ஆம் பகுதியில் 1130ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அனுப்பிவைத்தால், காலவரம்பு கடந்ததாயினும் பரிந்துரையை ராணுவம் தகுதி பார்த்து முடிவு செய்தாக வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் கணவர் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். தரைப்படையாயின் டிஏ 638 என்னும் பரிந்துரைப் படிவத்தை நிகழ்வை நேரில் அறிந்த ஒருவர், இயன்றால் அந்தத் தளபதியே, எழுத வேண்டும்; கணவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டால் ஏற்கப்படாது. தளபதி இப்போது எங்கிருக்கிறார் என்று விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.