இத்தாலியில் கைவினைஞர்கள் பட்டறையில் நடத்தும் சின்ன ஒன்றுகூடல்களுக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: "இத்தாலிக்குப் போகிறோம். பாரம்பரியக் கைவினைஞர்கள் தங்கள் பட்டறையிலேயே நடத்துகிற சின்ன ஒன்றுகூடல்களுக்குக் காசு கொடுத்துப் போவது பிரயோசனமா? எல்லாம் சுற்றுலாக்காரருக்காகப் போடுகிற வேஷம்தானே?"

இரண்டாவது பாதிக்காகத்தான் பதில் எழுத வந்தேன்.

நீங்கள் அநேகமாக ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று ஒரே மூச்சில் ஓடப்போகிறவர். வழி நெடுக ஒரே மாதிரித் தோல் பையும் முகமூடியும் விற்கிற கடைகளைப் படங்களில் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தில் பிழை இல்லை. ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் போட்டு நிறுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் பலெர்மோவில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மா ஒரு வயதான சின்யோரா வீட்டில் வேலை செய்தார். சைவமோ கிறிஸ்தவமோ, இங்கே உள்ள எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலை ஏறி, ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும். ஆனால் அந்த ஊரின் பொம்மைகளை நாங்கள் கண்டுகொண்டதில்லை. கடை வாசலில் தொங்குகிற, கவசம் போட்ட சின்னப் பொம்மைகள் வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டு போகிற சாமான் என்றுதான் வீட்டில் கதை.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் சின்யோரா எங்களைத் தன்னுடன் வரச் சொன்னார். பழைய நகரத்துக்குள் ஒரு ஒடுக்கமான தெரு, கீழே பட்டறை, அதையொட்டி ஐந்தாறு மர வாங்குகள் போட்ட ஒரு அறை. விளம்பரம் எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்கள், தெருக்காரர் சிலர், வேறு ஊரிலிருந்து வந்த ஒரு மர வேலைக்காரர், சிசிலியின் குதிரை வண்டிகளுக்குச் சித்திரம் எழுதுகிற ஒரு அம்மா, நாங்கள். பொம்மலாட்டம் உடனே தொடங்கவில்லை. முதலில் எல்லாரையும் பட்டறைக்குள் கூப்பிட்டு வேலையைக் காட்டினார்கள். எனக்கு அந்த முதல் பகுதிதான் எல்லாம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிசிலியின் பொம்மலாட்டத்துக்கு ஓபெரா டெய் பூபி என்று பெயர், ஆட்டுகிறவர் பூபாரோ. பலெர்மோப் பொம்மை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும், எடை 8 கிலோவுக்குக் கிட்ட. முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளைத் தானே உருவும், திரும்ப உறைக்குள் போடும். தீவின் கிழக்கே கத்தானியாவில் பொம்மை இன்னும் பெரிது, எடை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு, முழங்கால் மடங்காது, வாள் எப்போதும் கையிலேயே இருக்கும். அங்கே திரைக்குப் பின்னால் உயரமான பலகையில் நின்று ஆட்டுவார்கள். பலெர்மோவில் மேடையின் இரண்டு பக்கமும் நின்று, கையை நீட்டிப் பிடித்து ஆட்டுவார்கள். 8 கிலோவைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதை நடக்கவிட்டு, சண்டை போடவிட்டு, அதே நேரம் அரசனுக்கும் அரக்கனுக்கும் அழுகிற பெண்ணுக்கும் தானே குரல் கொடுப்பது என்றால் என்னவென்று, ஒரு அரிசிப் பையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் புரியும்.

ஒரு இரும்புக் கம்பி தலை வழியாக உடலுக்குள் இறங்குகிறது, இன்னொன்று வலது கைக்குப் போகிறது. நூல் இருக்கிறது, ஆனால் பாரம் முழுக்கக் கம்பியில்தான். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்திலும் நூலும் கம்பியும் சேர்ந்துதான் வரும். அங்கே நூல்களை ஆட்டுகிறவர் தலையில் போட்டிருக்கிற வளையத்தில் கட்டியிருப்பார்கள், பொம்மையின் கைகளை ஆட்டுவது கம்பியால். இதை நான் இத்தாலியனில் எடுத்துச் சொன்னபோது பட்டறையின் மாஸ்திரோ, அதாவது தலைமைக் கைவினைஞர், கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு, தலையில் வளையமா, எப்படி, பாரம் கழுத்துக்கு வராதா என்று கேட்கத் தொடங்கினார். கடதாசியில் படம் கீறிக் காட்டச் சொன்னார். அதுவரை அந்த ஊரில் எங்களிடம் யாரும் எங்கள் ஊர்க் கலையைப் பற்றி தொழில் தெரிந்த ஒருவரின் கேள்வியைக் கேட்டதில்லை. சாப்பாடு உறைப்பா, நெற்றியில் என்ன என்பதோடு சரி.

கவச வேலையைச் சொல்கிறேன். பித்தளை, செம்பு, அல்பாக்கா என்று மூன்று தகடு. அல்பாக்கா வெள்ளி போல மினுங்கும், ஆனால் அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. பாட்டன் காலத்துத் தகட்டு அச்சுகள் ஆணியில் தொங்குகின்றன. அதை வைத்துக் கோடு கீறி, கத்தரியால் வெட்டி, பின்பக்கத்திலிருந்து தட்டித் தட்டிப் புடைப்பு எடுக்கிறார்கள். மார்புக்கு, முதுகுக்கு, முழங்காலுக்கு, தலைக்கவசத்தின் முன்மறைப்புக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. பிறகு வேறு நிறத் தகட்டில் கொடியும் பூவும் வெட்டி அதன்மேல் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார்கள். கதையின் பெரிய வீரர்கள் இருவரில் ஒர்லாந்தோவின் கேடயத்தில் சிலுவை, ரினால்தோவுடையதில் சிங்கம். அது மாறினால் முன்வரிசையில் இருக்கிற கிழவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஒர்லாந்தோவுக்குக் கண் கொஞ்சம் மாறுகண்ணாகத்தான் வைக்க வேண்டும். மர உடலை வேறொருவர் செதுக்கியிருப்பார், உடுப்பைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தைப்பார்கள். அன்று அந்த மாஸ்திரோவின் தங்கச்சி ஒரு ஓரத்தில் இருந்து பட்டுப் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இவர்களின் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வராது. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

கதை, ஐரோப்பாவின் பழைய பிராங்கிய அரசன் சார்லமேன் ராசாவும் அவருடைய வீரர்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலெர்மோவின் பள்ளி ஆசிரியர் ஜுஸ்தோ லோதிகோ இந்தக் கதைகளையெல்லாம் சேர்த்து 1858 தொடக்கம் பகுதி பகுதியாக அச்சிட்டார், பூபாரோக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரவுக்கு ஒரு கண்டமாக ஆடினார்கள். ஒரு சுற்று முடிய ஒரு வருடம் தாண்டியும் போகும். வந்தவர்கள் கூலிவேலைக்காரர், மீன்காரர். காட்டிக்கொடுக்கிற கானோ மேடைக்கு வந்தால் கையில் கிடைத்ததை அந்தப் பொம்மைமேல் எறிவார்களாம்.

இங்கே ஒருவர் வந்து, இது முஸ்லிம்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிற கதை, இதைப் போய்க் கொண்டாடுகிறீர்களே என்று எழுதுவார் என்று தெரியும். கிறிஸ்தவர் ஒரு பக்கம், சரசேனியர் என்று கதை சொல்கிற முஸ்லிம்கள் மறுபக்கம் என்று பிரித்து அடிபடுவது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் முழு ஆட்டத்திலும் சனம் அதிகம் வெறுக்கிற ஆள் கானோ, அவன் சார்லமேனின் சொந்தச் சபையில் இருக்கிற கிறிஸ்தவன். சரசேனியரிடம் வளர்ந்த ருஜ்ஜேரோவும் பிரதமாந்தே என்ற வீரப்பெண்ணும் விரும்புகிற கதைக்குத்தான் பெண்கள் பக்கம் கண் கலங்கும். பார்த்துவிட்டு வந்து கோபப்படுங்கள், பார்க்காமல் வேண்டாம்.

இதே சார்லமேன் எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கும் வந்திருக்கிறார். கேரளக் கிறிஸ்தவர்கள் காலை ஓங்கி மிதித்து ஆடுகிற சவிட்டு நாடகத்தில் காரல்மான் சரிதம் என்று ஆடுவது இவருடைய கதைதான். போர்த்துக்கேயர் காலத்தோடு வந்தது, பாட்டில் தமிழ் நிறையக் கலந்திருக்கும், கட்டியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்று சொல்வார்கள். அன்று அந்த வாங்கில் இருந்தபோது இது எனக்குத் தெரியாது, பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதும் முதல் ஆளாக அம்மாவுக்குத்தான் தொலைபேசியில் சொன்னேன்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, நேரில் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றினால் பாடுகிற பியானினோ வாத்தியம், சண்டை சூடேறும்போது பூபாரோ பலகையில் காலால் தட்டுகிற தாளம், தகட்டில் தகடு மோதுகிற சத்தம், தலை இரண்டாகப் பிளக்கிற பொம்மை. என் தம்பி அப்போது சின்னப் பெடியன், வாங்கில் ஏறி நின்றுவிட்டான், யாரும் ஏசவில்லை. முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் போனோம். பூபாரோவின் சேட்டு முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

இனி உங்கள் "வேஷம்" கேள்வி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து இந்த வாங்குகளை வெறுமையாக்கின. வயிற்றுப்பாட்டுக்குப் பூபாரோக்கள் பொம்மைகளைப் பழஞ்சாமான்காரரிடம் விற்றார்கள். அந்தோனியோ பஸ்குவலீனோ என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1975இல் பலெர்மோவில் பொம்மை அருங்காட்சியகத்தை ஆரம்பித்தார். ஜாவாவின் வயாங் பொம்மை, வியட்நாமின் நீர்ப் பொம்மை எல்லாம் இன்று அங்கே இருக்கின்றன. அதற்கு இரண்டு வருடம் முன்பே, எல்லாரும் கடையைப் பூட்டுகிற காலத்தில், மிம்மோ குத்திக்கியோ என்ற பூபாரோ பலெர்மோவின் ஒலிவெல்லாப் பக்கத்துத் தெருவில் தன் அரங்கைத் திறந்தார். 2001இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வம் என்று அறிவித்தது, இத்தாலியிலிருந்து அந்த வரிசைக்கு முதலில் போனது இதுதான், 2008இல் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று வாங்கில் நிறையப் பேர் வெளியூர்க்காரர் என்பது சரி. அந்த நுழைவுச்சீட்டுக் காசில்தான் தகடு வாங்குகிறார்கள், பிள்ளைக்குத் தொழில் பழக்குகிறார்கள். பார்க்கிறவன் வெளிநாட்டுக்காரன் என்பதால் தட்டுகிற சுத்தியல் பொய்யாகிவிடாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் ஆட்கள் நடத்திய ஒரு ஆண்டு விழா, எந்த ஊர் என்று சொல்லவில்லை, தேடவும் வேண்டாம். கூத்துத் தெரிந்த ஒரு பெரியவர், ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாராக இருந்தவர், இங்கே பாத்திரம் கழுவுகிற வேலை. அவரை ஆடக் கூப்பிட்டார்கள். தலைவர் உரை, செயலாளர் உரை, அனுசரணையாளர் உரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, அதற்கு நன்றியுரை. இதெல்லாம் முடிந்து அந்த மனுசன் கூத்துக் கிரீடம் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்து வரவுப்பாட்டைப் பாதி பாடவில்லை, மண்டப நேரம் முடிகிறது ஐயா என்று ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். பிறகு அவர் எங்கேயும் ஆடியதாகத் தெரியவில்லை. அந்தப் பட்டறையில் எவரும் பேச்சுப் பேசவில்லை, எவருக்கும் மாலை போடவில்லை, வந்தவர்கள் எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள், வேலையைப் பற்றிக் கேட்டார்கள். சனம் குறைவு, காசும் குறைவு, ஆனால் கலைஞனுக்குப் போதிய நேரம் கொடுத்தார்கள். இதை எங்கள் சங்கங்களிடம் சொன்னால் வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறாள் என்பார்கள், சொல்லட்டும்.

சரி, உங்களுக்கு. சிசிலிக்கு வர முடிந்தால் பலெர்மோவில் இரண்டு இரவாவது தங்குங்கள். அருங்காட்சியகத்தைப் பகலில் பாருங்கள், ஆட்டத்தைப் பின்னேரம், பட்டறை ஒட்டியிருக்கிற சின்ன அரங்கில் பாருங்கள். கதை இத்தாலியனில் இருக்கும், சில இடத்தில் சிசிலிப் பேச்சு, அதனால் அன்றைக்கு எந்தக் கண்டம் என்று முன்கூட்டியே கேட்டுப் படித்துவிட்டுப் போனால் நல்லது. பிள்ளைகளை முன்வாங்கில் இருத்துங்கள். முடிந்ததும் ஓடாமல் நின்று, பொம்மையை ஒருதரம் தூக்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் பார்த்த மட்டில் இல்லை என்று சொன்னவர் கிடையாது.

வடக்கே மட்டும்தான் போகிறீர்கள் என்றால், காசு கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள்: செய்கிறவர் அங்கே இருப்பாரா, எங்களுக்கு முன்னால் வேலை நடக்குமா. இரண்டுக்கும் நேரான பதில் வராமல் வைன் என்ன, சீஸ் என்ன என்று சொல்லத் தொடங்கினால், அந்தப் பின்னேரத்தில் வேறு எங்காவது போங்கள்.